நடுங்காத கை

அந்த ஊரில் பொய் சொன்னவனைக் கண்டுபிடிக்க போலீஸ் வேண்டாம், வக்கீல் வேண்டாம், ஒரு வில்லை சூடம் போதும். கோம்பைக்குக் கிழக்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. கருப்பசாமி கோயில் கல்லில் சூடத்தை ஏற்றுவார்கள். குற்றம் சுமத்தப்பட்டவன் "நான் செய்யல" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைக்க வேண்டும். மெய் சொல்கிறவன் கை நேராகப் போகுமாம். பொய் சொல்கிறவன் கையைக் கருப்பனே மணிக்கட்டில் பிடித்துக்கொள்வானாம், அதனால் கை நடுங்குமாம். நடுங்கிவிட்டால் தீர்ந்தது, அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. செல்போனில் உலகத்தையே பார்க்கிறவர்கள், பிள்ளைகளை என்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள், எல்லாரும் இதை நம்பினார்கள். பாண்டீஸ்வரியும் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

விவகாரம் சூடம் வரைக்கும் போனது ராசாத்தியின் நாய்களால். ராசாத்திக்குப் புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் ஒரு ஏக்கர் பந்தலும் இரண்டு கோம்பை நாய்களும்தான். ஒன்று கருப்பு, ஒன்று செவலை. திராட்சைக்கு மருந்து அடிக்கிற நாளில் நாய்கள் இலையை நக்கிவிடக் கூடாது என்று இரண்டையும் மோட்டார் ரூமில் அடைத்து வைப்பாள். அன்றும் அப்படித்தான் அடைத்துவிட்டு, மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் ரூமின் கீற்றுக் கூரை பற்றி எரிகிறது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தால், தாழ்ப்பாளைச் சுற்றிப் பந்தல் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறது. உள்ளே இரண்டும் கத்துகின்றன. பழுக்கக் காய்ந்த கம்பியை வெறுங்கையால் அவிழ்த்தாள், மகராசி. அவள் அவிழ்ப்பதற்குள் உள்ளே சத்தம் நின்றுவிட்டது. வலது கை வெந்துபோய்த் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தாள். அங்கே கேட்டதற்கு, அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்று சொன்னாள். நம்ம ஊர் விவகாரத்தை நாமே பேசிக்கொள்ளலாம் என்று ஊர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தது.

பழி வந்து விழுந்தது பாண்டீஸ்வரியின் புருசன் தங்கப்பாண்டியின் தலையில். பக்கத்துப் பந்தல் அவனுடையது. டிராக்டர் போக ராசாத்தி பாதை விட மறுத்ததில் ரொம்ப நாளாக வாய்த் தகராறு உண்டு. ஒருநாள் டீக்கடையில், "அந்த ரெண்டு நாயும் இல்லேன்னா என்னைக்கோ பாதை வாங்கியிருப்பேன்" என்று வாயை விட்டுவிட்டான். அது போதாதா ஊருக்கு? சம்பவம் நடந்த மத்தியானம் அவன் தன் பந்தலில் ஒற்றை ஆளாகக் கொடி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். பார்த்தேன் என்று சொல்ல ஒரு காக்கா கூட இல்லை.

ஆனால் நெருப்பு வைத்தது யார் என்று பாண்டீஸ்வரிக்குத் தெரியும். அவளுடைய கொழுந்தன் சுரேஷ்கண்ணன்.

இந்த சுரேஷ்கண்ணனைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கம் என்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது அவன், இழவு வீட்டில் பாடை கட்டுவது அவன், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பைக்கோடு வாசலில் நிற்பது அவன். வாயைத் திறந்தால் அத்தை, மாமா, பெரியம்மா என்று தேன் ஒழுகும். முப்பது வயதுக்கு அப்படி ஒரு பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று பெண்கள் ஏங்கினார்கள். பாண்டீஸ்வரியும் வாக்கப்பட்டு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தாள்.

முதன்முதலில் அவளுக்குத் திக்கென்றது மாமனார் இறந்த அன்றைக்கு. சுரேஷ்கண்ணன் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். ஊரே அவனைப் பார்த்து அழுதது. பாண்டீஸ்வரி மட்டும் அவன் கண் போகிற திசையைப் பார்த்தாள். அழுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அண்ணன் வாய் கோணினால் அவன் வாயும் கோணுகிறது. அத்தைக்காரி மூக்கை உறிஞ்சினால் இவனும் உறிஞ்சுகிறான். கண்ணாடியைப் பார்த்து மீசை ஒதுக்குகிறவன் மாதிரி, மற்றவர்களைப் பார்த்துத் துக்கத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். வாய்க்காலில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்காமல் கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஒருநாள். அது அடங்கின பிறகு எழுந்து வந்து, "ஐயோ, குட்டி போச்சே" என்று ஊரைக் கூட்டினான்.

நெருப்புப் பிடித்த அன்றைக்கு அவன் சாப்பிட வந்தபோது சட்டையில் பெட்ரோல் வாடை அடித்தது. தெருவில் எல்லாரும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், இவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க மதினி" என்கிறான். அன்று சாயங்காலமே பாண்டீஸ்வரி புருசனிடம் சொல்லிவிட்டாள். தங்கப்பாண்டி காதைப் பொத்தாத குறை. "எந் தம்பியப் பத்தி இன்னொரு வாட்டி அப்படிச் சொல்லாத. அவனுக்கும் ராசாத்தி அத்தைக்கும் என்ன பகை? அவன் எதுக்குச் செய்யப் போறான்?" என்றான். எதற்கு என்றுதான் அவளுக்கும் விளங்கவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், அதனால் இருவருமே வெள்ளிக்கிழமை காலையில் வந்து சூடம் அணைக்க வேண்டும் என்று நாட்டாமை முத்துராமலிங்கம் சொல்லிவிட்டார். கோயிலுக்குக் கிளம்புகிற நேரம், வீட்டுக்குப் பின்னால் துவைகல்லில் நின்று சுரேஷ்கண்ணன் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"மதினி, அண்ணனுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லுங்க. கையி நடுங்கிறப் போகுது."

"செய்யாதவுக கையி ஏன் நடுங்கும்?"

அவன் சிரித்தான். "அண்ணனுக்குக் கோழி அறுக்கச் சொன்னாலே நடுங்கும். எனக்குத்தான் எதுக்கும் நடுங்காது. சின்னப் பிள்ளையிலருந்தே அப்படித்தான். மத்தவுகளுக்குப் பயம் வந்தா நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுதுங்கிறாக. அது என்னன்னே எனக்குத் தெரியல மதினி." பாகற்காய் பிடிக்காது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"மோட்டார் ரூமுக்கு நெருப்பு வச்சது நீதானடா?"

"நான் ஏன் வைக்கணும்? எனக்கு என்ன லாபம்?" சீப்பைத் துடைத்துப் பையில் வைத்தபடி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். கோபம் இல்லை, பயம் இல்லை. புதிதாக வாங்கின மிஷினை ஓட்டிப் பார்க்கிறவனின் ஆசைதான் அந்தக் கண்ணில் இருந்தது. "ஊருக்குள்ள சொல்லிப் பாருங்களேன். யாரு நம்புறாகன்னு பாப்போம்."

போயும் போயும் இவனுக்கா நான் இத்தனை வருசம் சோறு பொங்கிப் போட்டேன் என்று பாண்டீஸ்வரிக்கு இருந்தது. ஆனாலும் ஒரு நம்பிக்கை. கருப்பன் இருக்கிறானே, கையைப் பிடிக்காமலா விடுவான்?

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் வேப்பமரத்தடியில், பெண்கள் ஓரமாக, கல்லுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்கட்டோடு ராசாத்தி. பூசாரி சூடத்தை ஏற்றினார். சுரேஷ்கண்ணன் முதலில் போனான். சட்டையை அவிழ்த்து இடுப்பில் கட்டினான், கருப்பனைப் பார்த்துக் கும்பிட்டான், "நான் செய்யல சாமி" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினான். விரல் நுனி கூட ஆடவில்லை. கையை எடுத்து எல்லாருக்கும் காட்டினான். பெண்கள் பக்கமிருந்து "எந் தங்கமே" என்று ஒரு குரல் வந்தது.

அடுத்து தங்கப்பாண்டி. பாவம் மனுசன், இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் போனான். "நான்... சாமி சத்தியமா நான்..." என்றான். கையை நீட்டினான். காய்ச்சல்காரன் கை மாதிரி வெடவெடவென்று ஆடியது. விரல் பட்டுச் சூடம் கல்லிலிருந்து உருண்டு மண்ணில் விழுந்து, அங்கேயும் எரிந்துகொண்டே கிடந்தது.

"கருப்பன் புடிச்சுட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே இரைச்சல். நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டார். "சாமி சொல்லிருச்சு. இதுக்கு மேல நம்ம பேச ஒண்ணுமில்ல. தங்கப்பாண்டி, ஊரு முன்னால ராசாத்தி கால்ல விழுந்து, நாந்தான் செஞ்சேன்னு சொல்லி மன்னிப்புக் கேளு. அதோட விட்டுருவோம்."

தங்கப்பாண்டி தலையை ஆட்டினான். ஆமாம், ஆட்டினான். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்கிற இடத்துக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இன்றைக்கு அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்துவிட்டால், சாகிற வரைக்கும் அவன் நாயைக் கொளுத்தினவன்தான். அவன் பிள்ளைகளும் நாயைக் கொளுத்தினவன் பிள்ளைகள்தான்.

அவன் ஓரடி எடுத்து வைக்கவில்லை, அதற்குள் சுரேஷ்கண்ணன் குறுக்கே பாய்ந்தான். "அண்ணன் விழ வேண்டாம் மாமா! எனக்கு அப்பனுக்கு அப்பனா நின்னவரு. அவருக்குப் பதிலா நான் விழுறேன். எந்தத் தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க!" என்று ஓவென்று அழுதுகொண்டே ராசாத்தியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அவ்வளவுதான். ஊர் உருகிப்போனது. ஆம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள். "கூடப் பொறந்தவன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார்கள். ஒரே ஆட்டத்தில் அண்ணனைக் குற்றவாளியாகவும் ஆக்கி, தன்னைத் தெய்வமாகவும் ஆக்கிக்கொண்டான், படுபாவி.

பாண்டீஸ்வரிக்கு அப்போதுதான் பொட்டென்று விளங்கியது. இந்தச் சூடம் பொய்யையா கண்டுபிடிக்கிறது? பயத்தையல்லவா கண்டுபிடிக்கிறது! பயந்தவன் மாட்டுவான். பயமே இல்லாமல் பிறந்த ஒருத்தன் வந்து நின்றால், இத்தனை காலமாக எத்தனை தடவை இந்தக் கல் ஏமாந்திருக்கும்? பெண்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி அந்த ஊரில் எந்தப் பெண்ணும் கூட்டத்தில் காலெடுத்து வைத்ததில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு விழ மாட்டாக!"

"ஏலே, அந்தப் பொம்பளைய அங்கிட்டு போகச் சொல்லு" என்றார் நாட்டாமை.

"போக மாட்டேன் மாமா. இவுக கையி நடுங்குச்சு, ஆமா, நடுங்குச்சு. ஏன் நடுங்குச்சு? இவுக சாமிக்குப் பயந்தவுக, ஊருக்குப் பயந்தவுக. இத்தன பேரு முன்னால என்னய நிக்க வச்சுட்டாகளேன்னு மானத்துக்குப் பயந்தவுக. பயம் இருக்குற கையி நடுங்கத்தான் செய்யும். சாமிக்கே பயப்படாத பயலுக்குக் கையி எப்படி நடுங்கும்? அவன் கையக் கருப்பன் விட்டுட்டான்னு நீங்க சொல்றீக. எந்தச் சாமியும் பிடிக்க முடியாத கையி அதுன்னு நான் சொல்றேன்!"

"சின்னவனையா சொல்ற?" நாட்டாமைக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனுக்கு ராசாத்தி மேல என்ன பகை? எதுக்குச் செய்யணும்?"

"அதத்தான் நானும் யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சேன். காரணமே இல்ல மாமா. பகை இல்ல, பாதை இல்ல, ஒண்ணுமில்ல. காரணத்தோட செய்யிறவனத்தான் நமக்குக் கண்டுபிடிக்கத் தெரியுது. இவன் எரிஞ்சா எப்படி இருக்கும்னு பாக்க நெனச்சான், பாத்தான். அம்புட்டுதான். அன்னைக்குச் சட்டையில பெட்ரோல் நாத்தத்தோட வந்து என்கிட்ட ரசம் வாங்கிக் குடிச்சான். ஆட்டுக்குட்டி சாகுறத உக்காந்து பாத்தவன் இவன். நாளைக்கு ஆள உள்ள வச்சு எரிச்சுப் பாப்பான்."

கூட்டம் அவளைத் திட்டியது. கொழுந்தன் மேல் பழி போடுகிறாள், சொத்தைப் பிரிக்கப் பார்க்கிறாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சுரேஷ்கண்ணன் தரையில் கிடந்தபடியே தேம்பினான். "மதினிய யாரும் ஒண்ணும் சொல்லாதீக. புருசன் மேல இருக்க பாசத்துல பேசுறாக" என்றான். அதற்கும் ஊர் உச்சுக் கொட்டியது.

இத்தனைக்கும் வாயே திறக்காமல் இருந்தவள் ராசாத்தி. அவள் குனிந்து, தன் காலைப் பிடித்திருந்தவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாண்டீஸ்வரி," என்றாள் மெதுவாக. "இவன் ஆஸ்பத்திரிக்கு என்னயப் பாக்க வந்தான். எளநி வாங்கிட்டு வந்தான். பக்கத்துல உக்காந்து, என் நல்ல கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டான்."

கூட்டத்தில் இரைச்சல் குறைந்தது.

"மொதல்ல அடங்குனது கருப்பா, செவலையா அத்தைன்னு கேட்டான். நான் அழுதேன். அழுகாதீக அத்தை, எதுன்னு மட்டும் சொல்லுங்கன்னான். செவலைதான்யான்னு சொன்னேன். அப்பாடான்னு ஒரு சிரிப்பு சிரிச்சான். நாயி மேல இருக்க பிரியத்துல கேக்குறான்னு நெனச்சேன்டி. இப்ப வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்." அவளுக்குக் குரல் உடைந்தது. பிறகு அந்தக் கட்டுப் போட்ட கையாலேயே நாற்காலியின் பிடியைத் தட்டினாள். "ஏலே, கால்லருந்து கைய எடுடா!"

சுரேஷ்கண்ணன் நிமிர்ந்தான். கண்ணீர் அப்படியே கன்னத்தில் இருந்தது. ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. இந்த இடத்தில் என்ன முகம் வைக்க வேண்டும் என்று தெரியாமல் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான். பார்த்துக் காப்பி அடிக்க யாரும் அழவில்லை. எல்லாரும் வாயடைத்துப் போய் நின்றார்கள். முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் தங்களை அறியாமல் பின்னால் நகர்ந்தார்கள்.

நாட்டாமைக்கு மட்டும் விட மனசில்லை. சூடம் பொய்த்தது என்று ஒத்துக்கொண்டால் அவர் பார்த்த பஞ்சாயத்தெல்லாம் என்ன ஆவது? "ஆஸ்பத்திரியில கேட்டது ஒரு சாட்சியா? சூடத்துக்கு மேல பேச்சு கெடையாது" என்றார்.

"அப்ப நாங்க ஸ்டேசன்ல பேசிக்கிறோம்" என்றாள் பாண்டீஸ்வரி.

"ஸ்டேசனுக்குப் போனா இந்த ஊர்ல ஒங்களுக்கு நல்லது கெட்டது கெடையாது. ஒருத்தரும் ஒங்க வாசப்படி மிதிக்க மாட்டோம்."

"மிதிக்காதீக மாமா! செய்யாதவுகளக் கால்ல விழச் சொல்ற ஊரு என் வாசப்படி மிதிச்சு எனக்கு என்ன ஆகப் போகுது?" என்று சொல்லிவிட்டு ராசாத்தியைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். ராசாத்தி எழுந்தாள். "அடுப்புல சுட்டுச்சுன்னு சொன்ன வாயால நானே போயி உண்மையச் சொல்றேன், வாடி" என்றாள். தங்கப்பாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். பாண்டீஸ்வரி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டில் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு நடந்தாள்.

ஆட்டோவுக்கு முன்னால் வந்து விழுந்தாள் மாமியார் இருளம்மாள். முந்தானை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மருமகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூத்த மகனின் வேட்டியைத்தான் பிடித்தாள்.

"போகாதய்யா. ஆத்தா கும்புடுறேன், போகாத. கால்ல விழுந்தா ஒரு நாளோட போச்சு. நாலு நாளு பேசுவாக, மறந்துருவாக. அவன் உள்ள போனா அவன் வாழ்க்கையே போச்சேய்யா. நீ எதையும் தாங்குவ. அவன் அப்படியில்லய்யா, பொறந்ததுலருந்தே அவன் ஒரு மாதிரி. பூனைக்குட்டிய என்ன பாடு படுத்துனான்னு எனக்குத்தான தெரியும், நான் யாருகிட்டயும் சொன்னதில்ல..."

தங்கப்பாண்டி குனிந்து அவளைப் பார்த்தான்.

"அப்ப ஒனக்குத் தெரியும்."

இருளம்மாள் வேட்டியை விடவில்லை.

"அவந்தான் செஞ்சான்னு தெரிஞ்சுக்கிட்டே, என்னயச் சூடம் அணைக்க அனுப்புன."

"அவன் எம் மகன்டா..."

"நானும் ஒம் மகன்தான ஆத்தா?"

அவன் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு இருந்தது, உதடு கூட. பதினாறு வருசத்தில் அவன் தன் ஆத்தாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பாண்டீஸ்வரி கேட்டதே இல்லை. இருளம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக வேட்டியிலிருந்து எடுத்துவிட்டான். தோளைப் பிடித்துத் தூக்கி, வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார வைத்தான். அப்புறம் ஆட்டோவில் ஏறி ராசாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஸ்டேசனுக்கு விடுப்பா" என்றான் டிரைவரிடம். "எந் தம்பி மேல புகார் குடுக்கணும்."